கிராஅத்தின் (தொழுகையில் இமாம் குர்ஆன் ஓதுவதன்) நீளம் பற்றி இமாம்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இமாம்களுக்கும், ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழவைக்கும், குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். "ரொம்ப நீளமாக ஓதுகிறீர்கள், நிற்க முடியவில்லை" என்று ஒருவர் வந்து சொன்னால் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கடைத்தெருவில் மணிக்கணக்கில் நிற்க முடிகிறது, அல்லாஹ்வுக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியவில்லையா? சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டார். கொஞ்ச நாள் கழித்து அந்த வக்துக்கு (வேளைத் தொழுகைக்கு) வருவதையே நிறுத்திவிட்டு வீட்டில் தொழுதுகொள்வார். அது யாருக்கும் தெரியப்போவதில்லை, ஏனென்றால் வந்தவர்களைத்தான் நாம் பார்க்கிறோம், வராமல் போனவர்களை எந்தப் பள்ளியும் கணக்கெடுப்பதில்லை.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல். எந்தத் தொழுகையில் எத்தனை வசனம் ஓத வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. நீங்கள் ஆண்டுக்கணக்கில் ஓதிப் படித்தவர்கள், நான் உங்கள் பின்னால் கைகட்டி நிற்பவன். ஆனால் நீளத்தைப் பற்றி முறையிடுகிறவருக்கு ஈமானில் ஏதோ குறை என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் அந்த எண்ணம் இருக்கவில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஹதீஸ்களைத்தான் திரும்பச் சொல்லப் போகிறேன், பின் வரிசையில் இருந்து பார்க்கும்போது அவை எப்படித் தெரிகின்றன என்று சொல்வதற்காக.

அபூ மஸ்ஊத் அல்அன்ஸாரி (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு மனிதர் வந்து, இன்னார் எங்களுக்கு நீட்டித் தொழவைக்கிறார், அதனால் நான் சுப்ஹு ஜமாஅத்துக்கு (அதிகாலைக் கூட்டுத் தொழுகைக்கு) வராமலே இருந்துவிடுகிறேன் என்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சுப்ஹுக்கு வருவதில்லை என்று நபியவர்களிடமே ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். நம் பள்ளியில் இதைச் சொன்னால் என்ன நடக்கும்? அன்று நபியவர்கள் கோபப்பட்டார்கள், அதைவிடக் கடுமையாகக் கோபப்பட்டு அவர்கள் உபதேசம் செய்து நான் பார்த்ததில்லை என்கிறார் அபூ மஸ்ஊத். ஆனால் அந்தக் கோபம் சுப்ஹுக்கு வராதவர் மீது இல்லை. மக்களை வெறுத்தோடச் செய்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள், யார் தொழவைத்தாலும் சுருக்கிக்கொள்ளட்டும், பின்னால் பலவீனரும் முதியவரும் வேலை இருப்பவரும் நிற்கிறார்கள் என்று சொன்னார்கள். நீட்டித் தொழவைத்தவரின் பெயரை எல்லார் முன்னாலும் சொல்லவில்லை, "உங்களில் சிலர்" என்று பொதுவாகத்தான் சொன்னார்கள். முறையிட்டவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவும் இல்லை.

வேலை இருப்பவர் என்பதை நாம் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். நோயாளியையும் முதியவரையும் யாரும் ஒத்துக்கொள்வார்கள். வேலைக்குப் போக வேண்டும் என்பவரைத்தான் "துன்யாவை (உலக ஆதாயத்தை) தேடி ஓடுகிறவன்" என்று சொல்லிவிடுகிறோம். நபியவர்கள் அவரையும் அதே வரிசையில், முதியவருக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

முஆத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இதைவிடத் தெளிவு. முஆத் சாதாரண ஆள் இல்லை. குர்ஆனை நான்கு பேரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் சொன்ன நால்வரில் ஒருவர், பிறகு யமனுக்கு அனுப்பப்பட்டவர். அவர் இஷாவை (இரவுத் தொழுகையை) முதலில் நபியவர்களோடு தொழுதுவிட்டு, அப்புறம் தன் கூட்டத்தாரிடம் போய் அவர்களுக்குத் தொழவைப்பார். அங்கே தொழுகை தொடங்கும்போதே நேரம் ஆகியிருக்கும். ஒருநாள் அல்பகரா சூராவை (அத்தியாயத்தை) ஆரம்பித்துவிட்டார். 286 வசனம், குர்ஆனின் முப்பது ஜுஸ்களில் (பாகங்களில்) இரண்டுக்கும் மேலே. நிறுத்தி நிதானமாக ஓதினால் அந்த ஒரு சூராவுக்கே இரண்டு மணி நேரம் போல ஆகும். பின்னால் நின்றவர்களில் ஒருவர், பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு தண்ணீர் இறைத்துவிட்டு வந்தவர், ஜமாஅத்தை விட்டு விலகித் தனியாகச் சுருக்கமாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆதுக்குச் சொல்லப்பட்டதும் அவன் முனாஃபிக் (நயவஞ்சகன்) என்றார்.

அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து புழுங்கவில்லை. நேராக நபியவர்களிடம் போனார். நாங்கள் கையால் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், ஒட்டகத்தைக் கொண்டு தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், நேற்று முஆத் அல்பகராவை ஓதினார், நான் விலகித் தொழுதேன், என்னை முனாஃபிக் என்கிறார் என்று சொன்னார். நபியவர்கள் முஆதைப் பார்த்து, நீர் குழப்பம் உண்டாக்குபவரா என்று மூன்று தடவை கேட்டார்கள். வஷ்ஷம்ஸி, ஸப்பிஹிஸ்ம, வல்லைலி போன்ற சூராக்களை ஓதக்கூடாதா என்றார்கள். முறையே 15, 19, 21 வசனங்கள். மூன்றையும் சேர்த்தாலும் 55 தான்.

இதில் என் மனதில் நிற்பது முஆதின் தரம்தான். ஓதுவதில் குறை என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. முஆதே, உம்மை நான் நேசிக்கிறேன் என்று நபியவர்கள் சொன்ன அறிவிப்பு அபூ தாவூதில் இருக்கிறது. அவ்வளவு அன்புக்குரியவர், அவ்வளவு கற்றவர், ஓதியதோ அல்லாஹ்வின் வேதம். இருந்தும் கண்டிக்கப்பட்டவர் அவர், ஆறுதலோடு திரும்பியவர் தண்ணீர் இறைப்பவர். ஆகவே நன்றாக ஓதத் தெரிந்த இமாம், அழகான குரல் உள்ள இமாம், நிறைய மனனம் செய்திருக்கும் இமாம், நீங்கள்தான் இந்த ஹதீஸை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டியவர்கள். ஓதத் தெரியாதவரால் இந்தச் சிரமம் யாருக்கும் வருவதில்லை.

சரி, நபி (ஸல்) அவர்களே நீளமாக ஓதியிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த மடலுக்கு மதிப்பு இல்லை. சுப்ஹில் 60 முதல் 100 வசனம் வரை ஓதுவார்கள் என்று அபூ பர்ஸா (ரலி) சொல்கிறார். மஃரிபில் (அந்தித் தொழுகையில்) அத்தூர் சூராவை ஓதக் கேட்டேன் என்கிறார் ஜுபைர் இப்னு முத்இம் (ரலி). மஃரிபில் வல்முர்ஸலாத் ஓதியதைத் தாம் கேட்டதாக, அதுவே நபியவர்களிடம் தாம் கடைசியாகக் கேட்ட ஓதல் என்று உம்முல் ஃபழ்ல் (ரலி) சொல்கிறார். லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) இகாமத் என்னும் தொடக்க அழைப்பு சொல்லப்பட்ட பிறகு ஒருவர் மதீனாவின் அடக்கத்தலமான பகீஃ வரை போய்த் தன் தேவையை முடித்து, வுளூ செய்து திரும்பி வந்தாலும் நபியவர்கள் முதல் ரக்அத்தில்தான் (தொழுகையின் முதல் சுற்றில்தான்) இருப்பார்கள் என்ற அபூ ஸயீத் (ரலி) அவர்களின் சொல் முஸ்லிமில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே இப்னு உமர் (ரலி) சொன்னது ஒன்று உண்டு. நபியவர்கள் எங்களைச் சுருக்கித் தொழவைக்கச் சொல்வார்கள், எங்களுக்கு அஸ்ஸாஃப்பாத் ஓதித் தொழவைப்பார்கள் என்கிறார். அது 182 வசனம்.

ஆகவே எல்லா வக்திலும் குல்ஹுவல்லாஹு ஓதி முடியுங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மஃரிபில் எப்போதும் குட்டிச் சூராக்களையே ஓதிக்கொண்டிருந்த மதீனா ஆளுநர் மர்வானிடம் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறார், அந்தக் கேள்வியும் சுன்னாவை (நபிவழியை) சேர்ந்ததுதான்.

ஆனால் அதே நபியவர்கள் பயணத்தில் இஷாவுக்கு வத்தீனி ஓதியிருக்கிறார்கள், 8 வசனம். ஒருமுறை சுப்ஹின் இரண்டு ரக்அத்திலும் இதா ஸுல்ஸிலத் சூராவையே ஓதினார்கள் என்று அபூ தாவூதில் வருகிறது. மக்காவில் ஒரு சுப்ஹில் அல்முஃமினூன் சூராவை ஆரம்பித்து, மூஸா, ஹாரூன் (அலை) பற்றிய இடத்துக்கு வந்தபோது இருமல் வந்தது, அங்கேயே நிறுத்தி ருகூஃக்குப் (குனிந்து நிற்கும் நிலைக்கு) போய்விட்டார்கள். ஆரம்பித்த சூராவை முடித்தே ஆக வேண்டும் என்று இழுக்கவில்லை. இவ்வளவு அகலமான வழிமுறையில் இருந்து ஒரு முனையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "இதுதான் சுன்னா" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அது நீளமான முனையாக இருந்தாலும் சரி, குட்டையான முனையாக இருந்தாலும் சரி.

நீளத்தையும் சுருக்கத்தையும் அவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று தேடினால், பின்னால் நிற்பவர்களைப் பார்த்துத்தான் என்று தெரிகிறது. முதல் ரக்அத்தை இரண்டாவதைவிட நீட்டுவார்கள் என்கிறார் அபூ கத்தாதா (ரலி), மக்கள் முதல் ரக்அத்தை அடைந்துகொள்ளட்டும் என்பதற்காக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம் என்றும் சொல்கிறார். உமர் (ரலி) சுப்ஹின் முதல் ரக்அத்தில் யூஸுஃப், அந்நஹ்ல் போன்ற சூராக்களை ஓதுவார், ஆட்கள் வந்து சேரும் வரை. அதாவது நீட்டியதும் மக்களுக்காக. ஹிஜ்ரி 23இல் அதே உமர் சுப்ஹு தொழவைக்கும்போது குத்தப்பட்டார். உமர் கையைப் பிடித்து முன்னால் நிறுத்திய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மிகச் சுருக்கமாகத் தொழவைத்து முடித்தார். அன்றைக்கு யாரும் யூஸுஃப் சூராவை எதிர்பார்க்கவில்லை.

குழந்தை அழுகை ஹதீஸுக்கு வருகிறேன். நீட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் தொழுகையில் நுழைகிறேன், ஒரு குழந்தை அழுவது கேட்கிறது, தாய்க்குக் கஷ்டமாக இருக்கும் என்று சுருக்கிவிடுகிறேன் என்றார்கள் நபியவர்கள். மேடைகளில் இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் இந்த ஹதீஸ் நடக்க வேண்டுமானால் ஒரு விஷயம் வேண்டும்: அந்த அழுகை இமாமின் காதில் விழ வேண்டும். இன்று பெண்கள் மாடியிலோ சுவருக்கு அந்தப் பக்கமோ வேறொரு கட்டடத்திலோ நிற்கிறார்கள். உங்கள் குரலை மைக்கும் ஸ்பீக்கரும் அவர்களிடம் கொண்டுபோகின்றன. அவர்களின் சத்தம் எதுவும் உங்களிடம் வருவதில்லை. ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும், தாய் கை கட்டியபடி தவித்துக்கொண்டிருப்பாள், நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் மனதில் இரக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டட அமைப்பே உங்கள் காதை அடைத்துவிட்டது. அதனால் நபியவர்களுக்குக் காதில் கேட்டதை நீங்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தக்பீர் கட்டுங்கள் (அல்லாஹு அக்பர் சொல்லித் தொழுகையைத் தொடங்குங்கள்).

குழந்தை மட்டும் இல்லை. சிறுநீரை நீண்ட நேரம் அடக்க முடியாதவர் வுளூவோடு வந்து நிற்கிறார், அவருடைய கவனமெல்லாம் வுளூ முறிந்துவிடக் கூடாதே என்பதில் இருக்கிறது. மலமோ சிறுநீரோ நெருக்கும்போது தொழுகை இல்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது, அவர் தொடங்கும்போது நெருக்கடி இல்லாமல்தான் தொடங்கினார், மூன்றாவது பக்கத்தில் வந்துவிட்டது. மூட்டு வலிக்காரர் நாற்காலி கேட்க வெட்கப்பட்டு ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நிற்கிறார். வேலை இடைவேளையில் ஓடி வந்தவர் இருக்கிறார், பயணத்துக்கு நேரமானவர் இருக்கிறார், புதிதாக இஸ்லாத்துக்கு வந்து இன்னும் எதுவும் பழகாதவர் இருக்கிறார். கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் உங்களிடம் வந்து தன் உடம்பைப் பற்றிச் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) கேட்டபோது அந்த அரபி அவர்களுக்குப் புரிந்தது. அத்தூர் சூராவை ஜுபைர் முதலில் கேட்டபோது அவர் முஸ்லிம்கூட இல்லை, பத்ருக்குப் பிறகு கைதிகள் விஷயமாக வந்தவர். அந்த வசனங்கள் நெஞ்சில் இறங்கி ஈமான் முதன்முதலில் அங்கேதான் ஊன்றியது என்று பிறகு சொன்னார். அரபி புரியாத ஒருவருக்கு அதே 49 வசனம் வேறு அனுபவம். அதற்காக நீளமான சூராக்களைக் கைவிட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் செய்தால் பலர் வாழ்நாள் முழுவதும் பத்துச் சூராக்களுக்கு மேல் இமாம் ஓதிக் கேட்காமலேயே போய்விடுவார்கள். நீளமாக ஓதப்போகும் நாளில், முந்தைய தொழுகைக்குப் பிறகு இரண்டு நிமிடம் அந்தச் சூரா என்ன பேசுகிறது என்று சொல்லிவையுங்கள். நான் பார்த்த வரைக்கும் இது செய்கிற இடத்தில் நீளத்தைப் பற்றிய முணுமுணுப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

வசன எண்ணிக்கையை வைத்து வாதம் செய்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "பத்தே பத்து வசனம்தான் ஓதினேன்" என்பது ஒன்றுமே சொல்வதில்லை. அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் பற்றியது, அது ஒன்றே முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) ஒரு முழுப் பக்கம். ஸப்பிஹிஸ்ம சூராவின் 19 வசனமும் சேர்ந்தால்கூட ஒரு பக்கம் நிறையாது. அஷ்ஷுஅரா 227 வசனம், ஆனால் பத்துப் பக்கம்; அல்பகரா 286 வசனம், 48 பக்கம். நிற்கிறவரின் முழங்காலுக்கு வசனம் தெரியாது, நேரம்தான் தெரியும். ஃபுகஹாக்கள் (மார்க்கச் சட்ட அறிஞர்கள்) குர்ஆனின் கடைசிப் பகுதியான முஃபஸ்ஸலை நீளமானவை, நடுத்தரமானவை, குட்டையானவை என்று பிரித்து சுப்ஹுக்கு முதலாவது, இஷாவுக்கு இரண்டாவது, மஃரிபுக்கு மூன்றாவது என்று ஒழுங்கு செய்து தந்ததை நினைக்கும்போது அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. அந்தப் பகுதியில் வசனங்களும் சிறியவை, எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெளிவு, கேட்பவருக்கும் பழக்கம். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இன்னும் ஒரு நிபந்தனை சொல்வார்கள்: பின்னால் இருப்பவர்கள் குறிப்பிட்ட ஆட்களாக இருந்து அவர்கள் எல்லாரும் நீளத்துக்குச் சம்மதித்தால் நீட்டலாம் என்று. யார் யாரோ வந்து போகிற பள்ளியில் அந்தச் சம்மதம் எப்படிக் கிடைக்கும்? எல்லாரும் பேசாமல் நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது மறுபக்கம். இதைப் படித்துவிட்டு "நானும் இதைத்தானே சொல்கிறேன், ஐந்து நிமிடத்தில் முடியுங்கள்" என்று யாராவது கிளம்பினால் அவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சுருக்கமாக ஓதுவது வேறு, அவசரமாகத் தொழுவது வேறு. நபியவர்களைப் போலச் சுருக்கமாகவும் அதே நேரம் முழுமையாகவும் தொழவைத்த ஒருவர் பின்னால் நான் தொழுததில்லை என்றார் அனஸ் (ரலி). ருகூஃ, அதிலிருந்து எழுவது, ஸஜ்தா (நெற்றியைத் தரையில் வைப்பது), இரண்டு ஸஜ்தாவுக்கு நடுவில் உட்காருவது எல்லாம் கிட்டத்தட்டச் சம அளவில் இருந்தன என்றார் பராஃ (ரலி). ஆனால் இன்று எனக்கு மிகவும் வேதனை தருவது, கிராஅத்தில் குரலை ஏற்றி இறக்கி ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டு, ருகூஃவிலும் ஸஜ்தாவிலும் மூன்று தஸ்பீஹ் (துதி) சொல்லவும் இடம் தராமல் எழுந்துவிடும் தொழுகைதான். முதுகு நேராவதற்குள் அடுத்த தக்பீர். சரியாகத் தொழாதவரைத் திரும்பப் போய்த் தொழும் என்று நபியவர்கள் மூன்று தடவை அனுப்பினார்களே, அவருக்குக் கற்றுக்கொடுத்தபோது குர்ஆனில் உமக்கு எது எளிதோ அதை ஓதும் என்றார்கள், ருகூஃவையும் ஸஜ்தாவையும் சொல்லும்போது நிதானம் வரும் வரை என்றார்கள். எளிதாக்கியது ஓதலில். நிதானத்தில் எந்தத் தள்ளுபடியும் தரவில்லை. நேரம் குறைவு என்றால் சூராவைக் குறையுங்கள், ஸஜ்தாவில் கை வைக்காதீர்கள்.

சத்தமில்லாமல் ஓதும் லுஹர், அஸரிலும் இந்த அவசரம் உண்டு. மூன்றாவது, நான்காவது ரக்அத்தில் நான் குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவில் பாதிகூட வந்திருக்க மாட்டேன், இமாம் ருகூஃவில் இருப்பார். இமாமுக்குப் பின்னாலும் ஃபாத்திஹா ஓத வேண்டும் என்ற மத்ஹபில் இருப்பவர் என்ன செய்வார்? ஏழு வசனம், ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டு ஓதக் கொஞ்ச நேரம் விடுங்கள். வயதானவர்களுக்கு நாக்கு மெதுவாகத்தான் சுழலும். சத்தமாக ஓதும் தொழுகைகளிலும் ஆமீனுக்கும் அடுத்த சூராவுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி கிடைத்தால் பெரிய உதவி.

ஜுமுஆ பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஒருவரின் தொழுகை நீளமாகவும் குத்பா (ஜுமுஆ உரை) சுருக்கமாகவும் இருப்பது அவருடைய மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்று அம்மார் (ரலி) அறிவிக்கிறார். பல இடங்களில் இது அப்படியே தலைகீழ். பேச்சு இழுத்துக்கொண்டே போகும், கடைசியில் நேரமாகிவிட்டது என்று தொழுகை இரண்டு குட்டிச் சூராக்களில் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சுப்ஹில் அஸ்ஸஜ்தாவும் அல்இன்ஸானும் ஓதுவது நபியவர்களின் வழக்கம், இரண்டும் சேர்ந்தால் முஸ்ஹஃபில் ஐந்து பக்கம் போல வரும். ஓதுங்கள், அழகான சுன்னா. ஆனால் அஸ்ஸஜ்தா சூராவின் 15ஆவது வசனத்தில் ஸஜ்தா செய்ய வேண்டி வரும் என்று முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இமாமைப் பார்க்க முடியாத இடத்தில் நிற்பவர்கள் ருகூஃ என்று நினைத்துக் குனிந்துவிட்டுத் தடுமாறுகிறார்கள். பெண்கள் பகுதியில் இது ஒவ்வொரு தடவையும் நடக்கிறது.

தராவீஹ் தனிக் கதை, அங்கே சிக்கல் நீளத்தில் தொடங்கி வேகத்தில் முடிகிறது. ரமளானுக்குள் 30 ஜுஸ்வையும் முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்கிறோம், நல்ல ஆசைதான். ஒரு ஜுஸ் 20 பக்கம். 20 ரக்அத் தொழும் பள்ளியில் ரக்அத்துக்கு ஒரு பக்கம், 8 ரக்அத் தொழும் பள்ளியில் ரக்அத்துக்கு இரண்டரைப் பக்கம். நிதானமாக ஓதினால் ஒரு ஜுஸ்வுக்கு முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரம் ஆகும், ருகூஃ ஸஜ்தாக்கள் தனி. அவ்வளவு நேரம் மக்கள் நிற்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? ஓதும் அளவைக் குறைப்பதில்லை, வேகத்தைக் கூட்டுகிறோம். வசனத்தின் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுகிறது. ஒரே ரக்அத்தில் முஃபஸ்ஸல் முழுவதையும் ஓதினேன் என்று பெருமையாகச் சொன்னவரிடம், கவிதையை அள்ளிவிடுவது போலவா என்று கேட்டார் இப்னு மஸ்ஊத் (ரலி). குர்ஆனைத் திருத்தமாக, நிறுத்தி ஓதும் என்ற கட்டளை அல்முஸ்ஸம்மிலில் வருவதே இரவுத் தொழுகையைப் பற்றிய இடத்தில்தான்.

ரமளானில் தராவீஹில் குர்ஆனை முடிப்பது நல்லது என்று சொன்ன இமாம்கள் உண்டு, அது கடமை என்று சொன்னவர் இல்லை. 30 ஜுஸ்வை விழுங்குவதைவிட 15 ஜுஸ்வைக் காதில் விழும்படி ஓதுவது மேல் என்பது என் கருத்து, ஹாஃபிழ்கள் பலருக்கும் உள்ளுக்குள் இதே கருத்துதான் இருக்கும் என்று நம்புகிறேன். முழுக் குர்ஆனையும் நிதானமாகக் கேட்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் ஏமாற்ற வேண்டாம். உமர் (ரலி) காலத்தில் நிற்பது நீண்டு, கைத்தடி ஊன்றி நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த ஆசை உள்ளவர்களுக்கு இரவின் பின்பகுதியில் தனி ஜமாஅத் வைத்துக்கொள்ளலாம், விருப்பப்பட்டவர்கள் மட்டும் வருவார்கள், அங்கே நீளம் யாருக்கும் பாரமாக இருக்காது.

நீளத்துக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தனியாகத் தொழும்போது எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளட்டும் என்று, சுருக்கித் தொழவைக்கச் சொல்லும் ஹதீஸின் அபூ ஹுரைரா (ரலி) அறிவிப்பில் வருகிறது. ஹுதைஃபா (ரலி) ஓர் இரவு நபியவர்களோடு நின்றபோது அல்பகரா, அந்நிஸா, ஆலு இம்ரான் மூன்றையும் ஒரே ரக்அத்தில் ஓதினார்கள். இன்னோர் இரவு நபியவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்துவிட்டது, அவர்களை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன் என்கிறார் இப்னு மஸ்ஊத். ஓதுவதற்கென்றே பெயர் பெற்ற ஸஹாபி, நபியவர்களின் பின்னால், இரவுத் தொழுகையில், அவருக்கே அப்படி ஒரு நினைப்பு வந்திருக்கிறது. எங்களுக்கு வந்தால் அதை வைத்து எங்களை எடைபோடாதீர்கள்.

நிர்வாகிகளே, இனி உங்களிடம். இமாமுக்கு நீங்கள் தரும் நெருக்கடி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒருவர் வந்து நீளம் என்பார், அடுத்தவர் வந்து "என்ன ஹஜ்ரத், ஒரேயடியாகக் குறைத்துவிட்டீர்கள்" என்பார், மூன்றாமவர் கையில் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே சஃபில் (வரிசையில்) நிற்பார். இதில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ, யார் பள்ளிக்கு அதிகம் கொடுக்கிறாரோ அவருடைய பேச்சு எடுபடுகிறது. இமாமின் பிழைப்பு உங்கள் கையில் இருப்பதால் அவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி), என்னை என் கூட்டத்தாருக்கு இமாமாக்குங்கள் என்று கேட்டபோது நபியவர்கள் தந்த பதிலில் அளவுகோல் இருக்கிறது: நீர் அவர்களின் இமாம், அவர்களில் மிகவும் பலவீனமானவரை வைத்து நடந்துகொள்ளும் என்றார்கள். பலவீனமானவர் உங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வர மாட்டார். வயதான பெண்கள் வர மாட்டார்கள். அவர்களிடம் நீங்கள்தான் ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும், பெண்களிடம் கேட்கப் பெண்களை அனுப்ப வேண்டும்.

கேட்டதை இமாமிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். தொழுகை முடிந்ததும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கத்துவது யாருக்கும் அழகில்லை, அப்படிக் கத்துகிறவர்களை நீங்கள் அடக்கி வையுங்கள், அவர்கள் சொல்லும் விஷயம் நியாயமாக இருந்தாலும் சரி. எந்தச் சூரா என்று முடிவு செய்வதை இமாமிடமே விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான்.

வரும் ரமளானுக்கு முன்பாக ஒரு காரியம் செய்தால் போதும். ஓர் இரவுக்கு எவ்வளவு ஓதப்போகிறோம், சுமாராக எத்தனை மணிக்கு முடியும், நடுவில் இடைவெளி எப்போது என்று எழுதி ஆண்கள் பகுதியிலும் பெண்கள் பகுதியிலும் ஒட்டிவையுங்கள். நஃபிலான (கடமையல்லாத) தொழுகையை நிற்க முடிகிறவரும் உட்கார்ந்து தொழலாம், பாதி நன்மை. முடியாதவர் உட்கார்ந்தால் நன்மையில் குறைவில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பலருக்கு இது தெரியாது. நாற்காலிகளை முன்கூட்டியே பின் வரிசையில் போட்டுவையுங்கள், அவர்கள் வந்து கேட்கும்படி வைக்காதீர்கள். முதல் வாரம் முடிந்ததும் இரண்டு பகுதியிலும் விசாரித்துவிட்டு, அளவு அதிகமாக இருந்தால் அடுத்த வாரமே குறைத்து, திருத்திய தாளை ஒட்டுங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் பின்னால் தொழுகிறவர்களில் ஒருவன்